பிரேக் இல்லாத மேசை

நாளைக் காலை சவ அடக்கம். ஐம்பது பேர் உட்காரும் பந்தலின் துணி, சிவப்பும் கறுப்புமாக, பாதி தைத்தபடி என் தோளில் கிடந்தது. தைக்க வேண்டிய இயந்திரமோ மெக்கானிக் என்சியாவின் பட்டறையில் ஊசி ஊசியாக உடைத்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய் தைக்கிற கனத்த இயந்திரம். இந்தக் கானா நாட்டுக் குமாசி நகரத்தில் எனக்குச் சோறு போடுவது அது ஒன்றுதான்.

போன வருஷம் இதே பட்டறையில் இரண்டு ஆட்கள் ஒரு இயந்திரத்தைப் புரட்டும்போது கைநழுவவிட்டு, அதன் கழுத்து முறிந்தது. வார்ப்பிரும்பு முறிந்தால் முறிந்ததுதான். அதன் சொந்தக்காரி இன்று சந்தையில் வெங்காயம் விற்கிறாள்.

அந்த வெட்கத்தில்தான் என்சியா இந்தச் சுழலும் மேசையைச் செய்திருந்தார். லாரி சக்கர வளையத்தில் கான்கிரீட் நிரப்பி, அதன்மேல் பழைய டாக்சியின் முன்சக்கர அச்சுக்குடத்தைப் பற்றவைத்து, மேலே தடித்த இரும்புத்தகடு. இயந்திரத்தை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும், சுற்றிச் சுற்றி வேலை பார்க்கலாம். அதில் முதன்முதலாக ஏறியது என் இயந்திரம்தான்.

"ஒரு விரல் போதும் டூஃபியே, பாரு." என்னிடம் சொல்லிக்கொண்டே என்சியா தகட்டைத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"நிக்கிறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க அண்ணே? டாக்சியில பிரேக்கும் இருந்திருக்குமே."

"அதைக் கழட்டி வித்தாச்சு. ஓடாத வண்டிக்குப் பிரேக் எதுக்கு?"

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இந்த மகசீன் வட்டாரத்தில் எல்லோருக்கும் இதே புத்தி. எந்த வண்டி வந்தாலும் முதலில் பிரேக்கைத்தான் கழற்றி விற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு எங்கே போக?

அடியில் நூலைக் கவ்வும் கொக்கியைப் பார்க்க என்சியா இயந்திரத்தைப் பின்பக்கம் சாய்த்தார். பாரம் ஓரத்துக்கு வந்தது. தரையோ எண்ணெய் குடித்துச் சரிந்த தரை. தகடு தானாக நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இயந்திரம் விளிம்பை நோக்கி வழுக்கியது.

"பிடிங்க அண்ணே!"

கட்டிப்பிடித்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தகடு சுழன்றது. கட்டையைத் தேடினேன், கல்லைத் தேடினேன், ஒரு மண்ணும் இல்லை. தோளில் இருந்த பந்தல் துணியைச் சுருட்டி, தகட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே முழங்கை வரை திணித்தேன். துணி கிழிகிற சத்தம் கேட்டது. தகடு முக்கிக்கொண்டு நின்றது.

என்சியா இயந்திரத்தை விடவில்லை. "விடுங்க, நின்னுடுச்சு," என்றேன்.

"மாட்டேன். நீ போய் என் பிரேக்கைத் திருப்பி வாங்கிட்டு வா."

நாலாவது கடையில் இருந்தது. கொண்டுவந்து மாட்டி, காலால் மிதித்து நிறுத்தி, மிதித்து நிறுத்தி, பகல் சாய்வதற்குள் கொக்கியைச் சரிசெய்தார். ஒரு விரலால் தள்ளவே இல்லை, இரண்டு கையாலும் தள்ளினார்.

ராத்திரியோடு ராத்திரியாக மீதித் துணியையும் தைத்து, கிழிசலை ஒட்டுப்போட்டுவிட்டேன். சிவப்புப் பட்டையில் ஏறிய கிரீஸ் கறை மட்டும் போகவில்லை. மறுநாள் பந்தலடியில் எல்லோரும் செத்தவருக்காக அழுதார்கள். நான் அண்ணாந்து அந்தக் கறையைப் பார்த்து, சாகாத என் இயந்திரத்துக்காக அழுதேன்.