தகவலாளர் எண் நாற்பத்தெட்டு

வாத்தைப் பற்றி ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்தவள் நான். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். என் மாமியார் தொடங்கி கடலூர் பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் வரை எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று. 'கலையிலும் வரலாற்றிலும் மருத்துவத்திலும் வாத்து: ஒரு பண்பாட்டு ஒப்பீடு' என்பது தலைப்பு. 2004 ஏப்ரலில் பதிவு செய்தேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஆறு வருஷம் கெடு. 2010 மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நான் ஒப்பந்தத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கல்லூரியிலும் டாக்டர் பட்டப் பதிவு ரத்தானால் ஜூனில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏடு மூன்றாம் வருஷமே முடிந்துவிட்டது. என் வழிகாட்டி பேராசிரியர் பொன்னுரங்கத்தின் கையெழுத்துதான் பாக்கி.

தப்பு என்னுடையதுதான். காட்டுமன்னார்கோயில் பக்கம் நாற்பத்தேழு பேரைப் பார்த்துப் பேசி, மூல நோய்க்கு வாத்து முட்டை கைகண்ட மருந்து என்று அவர்கள் நம்புவதை ஓர் இயலாக எழுதிக் கொடுத்தேன். சார் அதை இரண்டு தடவை படித்தார். கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"பிரிசில்லா, இந்த முட்டை கெடைக்குமா?"

"வாங்கிட்டு வரேன் சார்" என்றேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது தும்பிக்கை இருக்கிறது.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் எனக்கு முட்டைக் கிழமை. கடலூரிலிருந்து சிதம்பரம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காட்டுமன்னார்கோயில். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்கும் உத்திராபதியிடம் ஒரு டஜன் வாங்கி, வைக்கோல் போட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்தில் சார் வீட்டுக்குத் திரும்புவேன். முட்டையை அவர் மனைவி ஞானாம்பாள் வாங்கிக்கொள்வார், இயலை சார் வாங்கிக்கொள்வார். முட்டை திரும்பி வராது. இயல் மட்டும் தவறாமல் திரும்பி வரும்.

கோயில் தூண்களில் இருக்கும் அன்ன வரிசை போதாது, எகிப்தைச் சேர் என்றார். சேர்த்தேன். சீனாக்காரர்கள் கல்யாணப் படுக்கையில் ஜோடி வாத்து தைப்பதைச் சேர் என்றார். சேர்த்தேன். பிறகு சீனா ஜாஸ்தி, ஜப்பான் கம்மி என்றார். வாத்து இல்லாத நாடு உலகத்தில் மிகக் குறைவு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எகிப்தியர் கல்லறைச் சுவரில் வாத்துகளை வலைபோட்டுப் பிடிக்கும் ஓவியத்தைப் பற்றிய பத்தியை ஒன்பது தடவை திருத்தினேன். ஒன்பதாவது தடவை வலைக்கயிற்றை இழுப்பவனுக்கு சார் முகம் வந்துவிட்டது.

2010 மார்ச் 20, சனிக்கிழமை. உத்திராபதி வயலோரம் லாரியை நிறுத்தியிருந்தார்.

"தீனி தீந்துபோச்சு டீச்சரம்மா. நாளைக்கு ஆந்திரா பக்கம் ஏத்திட்டுப் போறேன். வர ஆறு மாசம் ஆவும்."

வாத்துகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வலை கட்டியிருந்தது. அவ்வளவுதான் உயரம்.

"இதத் தாண்டாதுங்களா?"

"எங்க தாண்டும்? பழகிடுச்சு."

எனக்கு அந்த வாத்துகள் மேல் கோபமாக வந்தது. நூற்றுக்கணக்கில் இருந்துகொண்டு ஒன்றுகூடவா முயற்சி செய்யவில்லை?

சார் வீட்டில் கடைசி டஜனைக் கொடுத்து, அடுத்த வாரம் முட்டை கிடைக்காது என்று சொன்னேன். சார் முகம் சுருங்கியது.

"வேற எங்கியாவது பாரும்மா. அப்புறம், ரோமாபுரி ஒண்ணு விட்டுப்போச்சு. சேத்துட்டு வா. கையெழுத்து எங்க போயிடப்போவுது?"

பஸ்ஸில் கடலூர் வரை அழுதேன். என் கணவர் அன்புமணி, "விட்டுடு பிரிசி, போதும்" என்றார். விடுவதற்கும் முடியவில்லை, ஆறு வருஷம் உள்ளே போனவளுக்கு வெளியே வர வழி எது என்றே மறந்துவிட்டது. விடியும்வரை முட்டையைத் தவிர வேறு எதுவும் யோசிக்க முடியாத என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தகவல் சொன்ன ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் ஏட்டின் கடைசியில் பட்டியல் போடவேண்டும். "ஒரு பேர் விட்டாலும் அது ஆராய்ச்சியே இல்ல" என்று சார் வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்வார்.

27ஆம் தேதி வெறுங்கையோடு போனேன். கதவைத் திறந்த ஞானாம்பாள் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"முட்டை?" என்றார் சார்.

"கெடைக்கல சார். ரோமாபுரி சேத்துட்டேன். தகவலாளர் பட்டியல்லயும் ஒரு பேர் விட்டுப்போயிருந்துது, அதையும் சேத்துட்டேன். பாருங்க."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'48. பொன்னுரங்கம், வயது 57, சிதம்பரம், பேராசிரியர். உபாதை: மூலம். மருந்து: வாத்து முட்டை, வாரம் பன்னிரண்டு, மூன்று வருஷமாக. பயன்:'

"பயன்ங்கிற எடத்த மட்டும் காலியா வச்சிருக்கேன் சார். கொணமாயிடுச்சா, இல்லியா? நீங்கதான் சொல்லணும்."

குணமாகிவிட்டது என்றால் இனி முட்டை எதற்கு? ஆகவில்லை என்றால் இத்தனை நாள் முட்டை எதற்கு? சமையலறை வாசலிலிருந்து பதில் வந்தது.

"எங்க கொணமாச்சு? மொளகா பஜ்ஜிய விடுன்னா கேட்டாத்தான?"

"நீ உள்ள போ!" என்று கத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இத எடுத்துடும்மா."

"ஒரு பேர் விடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"பிரிசில்லா..."

"வழிகாட்டி சான்றிதழ் நாலு பிரதியிலயும் முன்னாடியே இருக்கு சார். கையெழுத்து ஆயிட்டா, பைண்டிங்குக்குப் போறதுக்குள்ள எடுத்துடறேன்."

நான்கு கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜெயித்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்கா மூன்று வருஷம் என்றுதான் நினைத்தேன். தெருவில் இறங்கிய பிறகுதான் அழுதேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அந்தப் பக்கத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். 31ஆம் தேதி ஏட்டைக் கொடுத்தேன்.

ஆனால் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிப்பதும் வழிகாட்டிதான். அடுத்த ஜனவரியில் அதைக் கேட்கப் போனேன். சார் நாட்காட்டியைப் புரட்டினார், மூடினார்.

"அந்த உத்திராபதி திரும்பி வந்துட்டாராம்மா?"

கைப்பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"வேணாம், வேணாம்" என்றார் சார். "வர்ற திங்கக்கிழமையே வச்சுக்கலாம்."