மாவுக்கு மூட்டிய நெருப்பு

"நீ கடைசியா உட்கார்ந்து சாப்பிட்டது எப்போ?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணம்மா ஒருநாள் இப்படிக் கேட்டாள். மலாயில்தான் கேட்டாள். பெயர்தான் கண்ணம்மா, வேலிக்கு அப்பால் தொடங்கும் பழைய செட்டிமார் குடியிருப்பான கம்போங் செட்டியில் அவள் வீட்டில் தமிழ் புழங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பூங்காவனம் அப்போது வேலியோரம் நின்றபடியே, காலையில் மிஞ்சிய தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். நாளை எண்ணிப் பார்த்துக்கொண்டே அடுத்த துண்டைப் பிய்த்தாள். கண்ணம்மா சிரிக்கவில்லை. குனிந்து பூங்காவனத்தின் கால்களைப் பார்த்தாள். இரண்டும் வீங்கி, கணுக்கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அந்தக் கால்களுக்காகத்தான் மலைக்குப் போனதாக பூங்காவனத்தின் புருஷன் நடராஜன், மலாக்காவில் அவர்கள் குடியிருந்த காஜா பெராங் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்றோரத்து ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் குமாஸ்தாக்களுக்கெல்லாம் அவர் தலைமைக் கிராணி. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் ஆன இரண்டாம் வருஷம் வெள்ளைக்கார மானேஜர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோது, பிரேசர் மலையில் கம்பெனிக்கு இருக்கும் பங்களாவை இனிமேல் கிராணிமார்களும் லீவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரும் பூங்காவனத்தின் காலை விரலால் அழுத்திப் பார்த்து, குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரம் காலை நீட்டி உட்காரட்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டும் பொருந்திப்போக, முதல் ஆளாகப் பங்களாவை எடுத்தவர் நடராஜன்.

காலை நீட்டி உட்கார வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பூங்காவனம் இதை நினைத்துக்கொண்டாள். அவளிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. மூடியில் மலைமேல் ஒரு சின்ன வீடு, புகைபோக்கியில் கொஞ்சம் புகை. உள்ளே யாரோ ஒருத்தி நெருப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். மடியில் எதுவும் இருக்காது. முறம் இருக்காது, காலடியில் அரிவாள்மணை இருக்காது.

கிளம்பும் நாளில் நாத்தனார் சிவகாமசுந்தரி பெட்டியோடு வந்து இறங்கினாள். தம்பிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம், பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமாம். அந்தத் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. பங்களாவில் ஹைனான் சீனச் சமையல்காரன் ஒருவன் உண்டு, சமைத்துப் போட்டுக் குளிருக்கு நெருப்பும் மூட்டுவான் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டதும் சிவகாமசுந்தரி காதைப் பொத்திக்கொண்டாள். எந்தச் சட்டியில் எந்த மாட்டைப் போட்டு வதக்கினானோ. ஆகவே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், சட்டி பானை, ஒரு பெரிய பானை நிறைய அப்போதுதான் ஆட்டிய தோசை மாவு, கடைசியாகக் குழவியோடு அம்மிக்கல் எல்லாம் டாக்சியில் ஏறின. மலையடிவாரத்தில், காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகிறதா என்று சோதனைக்கு நிறுத்திய சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மியைத் தட்டிப் பார்த்தான். மாவுப் பானையைத் திறந்து முகர்ந்தான். பிறகு பூங்காவனத்தைப் பார்த்தான். இரக்கப்பட்டது போலத்தான் அவளுக்குத் தோன்றியது.

மேலே போகிற கார்களை நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். கேட் திறக்கக் காத்திருந்தபோது சிவகாமசுந்தரிக்குத் தேத்தண்ணி வேண்டியிருந்தது. பூங்காவனம் சாலையோரத்தில் குந்தி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். லீவு அப்படித்தான் தொடங்கியது.

பங்களா அந்த டின் மூடியில் இருந்த மாதிரியே இருந்தது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, ஜன்னலுக்கு வெளியே ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூ. கூடத்தில் கணப்பு. பக்கத்தில் காய்ந்த விறகு அடுக்கி வைத்திருந்தது. எதிரே பூப்போட்ட துணி தைத்த நாற்காலி, உள்ளே அமுங்கிக்கொள்கிற நாற்காலி. பூங்காவனம் அதன் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

நடராஜன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவது போல நுழைந்தார். வெள்ளை விரிப்பு விரித்த கட்டில்களைப் பார்த்தார். விரிப்பில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பாயைத் தரையில் விரிக்கச் சொன்னார். சமையல்காரன் தீப்பெட்டியோடு வந்து கணப்பின் முன் குனிந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று கைகூப்பாத குறையாகத் தடுத்து அனுப்பிவிட்டார்.

"எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான் பாரு. நாம மூட்டிக் கரி புடிச்சா, கிராணிங்களுக்கு ஏன்டா குடுத்தோம்னு பேசுவானுங்க. முதல் ஆளா வந்திருக்கோம். நமக்குப் பின்னால வர்றவங்களுக்கு நாமதான் பேர் வாங்கிக் குடுக்கணும்."

பேர் வாங்கிக் கொடுப்பதற்காக அவர்கள் பற்கள் கிடுகிடுக்கத் தரையில் படுத்தார்கள். சாயங்காலம் தோறும் சமையல்காரன் வந்தான், சாயங்காலம் தோறும் திரும்பிப் போனான். நடராஜன் கம்பளித் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு மூடுபனியில் உலாவப் போனார். பூங்காவனம் பின்கட்டில் குந்தி அமர்ந்து மலாக்காவில் அரைத்ததையே அரைத்தாள். ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் குத்தியது.

மாவுதான் பெரிய தலைவலியாகிவிட்டது. அந்தக் குளிரில் மாவு புளிக்கவில்லை. போட்டது போட்டபடி கல் மாதிரி கிடந்தது. ஊற்றிய தோசை அப்பளம் போல விறைத்தது.

"மாவு பொங்கலன்னா மலையக் குத்தம் சொல்லாதே, பூங்காவனம்," என்றாள் சிவகாமசுந்தரி. "கரைச்ச கையச் சொல்லு."

அன்று ராத்திரி பூங்காவனம் தன் கம்பளியைப் பானைக்குச் சுற்றிவிட்டுச் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மாவு அப்போதும் அசையவில்லை. தோசை இல்லாமல் நாத்தனாருக்கு வயிறு கட்டிக்கொண்டது. தம்பியைக் கூப்பிட்டு என்ன பேசினாளோ, மறுநாள் சாயங்காலம் நடராஜன் தாமாகவே சமையல்காரனை அழைத்தார். கணப்பில் நெருப்பு மூட்டச் சொன்னார். மாவுப் பானையைத் தூக்கிவந்து அதன் முன்னால் வைத்தார்கள்.

பானையைச் சூடு தாங்குகிற தூரத்தில் நகர்த்தி நகர்த்தி வைக்க ஓர் ஆள் வேண்டும் அல்லவா. அப்படித்தான் பூங்காவனம் நெருப்புக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். தரையில் குந்தப் போனவளைச் சமையல்காரன் தடுத்தான். அந்தப் பூப்போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு, "டுடுக்," என்றான். உட்காரச் சொல்கிறான். அவள் உட்கார்ந்தாள். நாற்காலி அவளை உள்ளே வாங்கிக்கொண்டது. கால்களை நீட்டினாள். உள்ளங்காலில் சூடு ஏறியது. விறகு மெல்ல வெடித்தது. ஜன்னலுக்கு வெளியே மலை காணாமல் போய்க்கொண்டிருந்தது. மடியில் ஒன்றும் இல்லை. இதுதானா என்று நினைத்தாள். இதுவேதான் என்று தெரிந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருஷம் ஆனதை நினைத்தால் எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சல்கூடச் சுகமாக இருந்தது.

சிவகாமசுந்தரி கூடத்துக்கு வந்து பார்த்தாள்.

"சும்மாதானே உட்கார்ந்திருக்கே. இந்த வெங்காயத்த உரியேன்."

முறம் மடிக்கு வந்தது. மாவு பொங்கியது. நெருப்பை அணைத்துச் சாம்பலை அள்ளிக் கணப்பை ஈரத்துணியால் துடைத்ததும் அவள்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காஜா பெராங் வீட்டின் பின்கட்டில் பூங்காவனம் ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்னறையில் நடராஜன், தெங்கேராவிலிருந்து வந்திருந்த சிநேகிதர் பொன்னுதுரைக்கு மலைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் செமாபோக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்னபோது நெருப்பு ஒரு நாள்தான் எரிந்தது. இந்த வாரம் தினமும் எரிந்தது. நாற்காலி சோபாவாகிவிட்டது. கட்டில் மெத்தையில் படுத்தால் காலையில் எழுந்திருக்கவே மனம் வராதாம்.

பிறகு டிசம்பர் பேச்சு வந்தது. பொன்னுதுரை குடும்பத்தில் ஆறு பேர், அக்கா, நாம் இருவர். பங்களாவுக்கு நாளைக்கே சொல்லி வைத்துவிடலாம். உளுந்தைத் தள்ளிவிட்ட கை நின்றது. ஒன்பது பேர். அந்தத் தண்ணீர்.

"சீனன் சமையல் நமக்கு எதுக்குங்க," என்று நடராஜன் சொல்வது கேட்டது. "இவ பாத்துக்குவா. அங்க என்ன கஷ்டம், வேர்க்கவே வேர்க்காது லா."

காப்பி கேட்டார்கள். அவள் கொண்டுபோய் வைத்தாள். நடராஜன் முகமெல்லாம் பெருமையாக நிமிர்ந்தார். அதில் பொய் சொல்கிற சாயலே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

"நீயே சொல்லு, பூங்காவனம். கணப்பு முன்னால உட்கார வெச்சேனா இல்லையா? எழுந்திருக்கவே மாட்டேன்னு அடம் புடிச்சியே."

"அது மாவுக்கு மூட்டின நெருப்புங்க," என்றாள் அவள்.

பொன்னுதுரை எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைத்தார். நடராஜனும் சிரித்தார்.

"ஆமா, நல்லவேளை ஞாபகப்படுத்தினே. ஒன்பது பேருக்கு அந்தப் பானை பத்தாது. பெருசா ஒண்ணு பாத்து வை."

பூங்காவனம் பின்கட்டுக்குத் திரும்பினாள். ஆட்டுக்கல்லின் குழியில் உளுந்து பாதி நுரைத்தும் பாதி நொய்யாகவும் கிடந்தது. குழவியைச் சாய்த்து வைத்துவிட்டு, முழங்கை வரை கழுவி, தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பின்வாசல் பக்கத்திலேயே இருந்தது. அவள் முன்னறை வழியாகவே நடந்தாள். நடராஜன் கணப்பின் அகலத்தை இரண்டு கைகளாலும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல், அவள் போக வழிவிட்டுக் காலை மட்டும் மடக்கிக்கொண்டார். வாசலில் செருப்புக்குள் நுழையாத கால்களை வெறுமனே மண்ணில் ஊன்றினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணம்மா வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது, தட்டுகளை வைக்கும் சத்தம் கேட்டது. பூங்காவனம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிடுவதற்காக, அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விட்டாள்.