இவர் எங்கட ஆள்

ஹாதிக் கடலுக்குப் போய் மூன்று கிழமை கடந்தும் திரும்பவில்லை. கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகத்தான் படகை இறக்கியிருந்தான். மருதமுனைக் கடற்கரையில் அவனைத் தேடிப் போகாத படகு இல்லை. ஒலுவில் துறைமுகத்துப் பெரிய படகுகளும் போய்ப் பார்த்துவிட்டு வெறுமனே வந்தன. பள்ளிவாசலில் அவனுக்குக் காயிப் ஜனாஸா, உடல் இல்லாமலே தொழும் இறுதித் தொழுகை, தொழுவோமா என்று பேச்சு எழுந்தபோது, அவன் மனைவி சுபைறா மறுத்துவிட்டாள்.

"ஆரும் தொழப்படாது. என்ட மனிசன் உசிரோட இரிக்காரு."

ஒரு காலை, மீன் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு வெளிநாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஈரக் கையோடு எடுத்தாள். திரையில் ஓர் இளம்பெண்.

"அக்கா, நான் தர்சிகா. இலங்கைத் தூதரகத்தில இருந்து கதைக்கிறன். பதறாதீங்க. இவரத் தெரியுமா எண்டு பாருங்க."

திரை திரும்பியது. கப்பல் தளம். தாடி வளர்ந்து, தோல் கருகி, யாருடையதோ ஒரு பெரிய சட்டைக்குள் ஹாதிக் நின்றான். சுபைறா கத்திய கத்தலில் பக்கத்து வளவு கோழிகள் சிதறி ஓடின.

இயந்திரம் பழுதாகி, நீரோட்டம் இழுத்துக்கொண்டுபோய், கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் அவனை ஏற்றியிருந்தது. கப்பல் இப்போது ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகத்தில் நின்றது.

"கரை கண்ணுக்கு முன்னால இரிக்கி, சுபைறா. இறங்க உடுறாங்க இல்ல."

தர்சிகா விளக்கினாள். அடையாள அட்டை கடலோடு போய்விட்டது. கடவுச்சீட்டு அவன் எடுத்ததே இல்லை. "எந்த நாட்டு ஆள் எண்டு தெரியாம இவங்க இறங்க விடமாட்டாங்க. அவர் தன் வாயால சொன்னாக் காணாது. இவர் எங்கட ஆள் எண்டு எங்கட அரசாங்கம் சொல்லவேணும். சொல்லிட்டா நான் ஒரு கடதாசி குடுப்பன். ஒரு பயணத்துக்கு மட்டும் பாஸ்போட் மாதிரி. அதக் காட்டினா இறங்கி, பிளேன் ஏறி வரலாம்."

"அவர் ஆரெண்டு அரசாங்கத்துக்கு எப்பிடித் தெரியும், மிஸ்?"

"உங்களிட்டத்தான் வந்து கேக்கும், அக்கா."

சுபைறா அதை நம்பவில்லை.

மறுநாள் ஹாதிக் மறுபடி கதைத்தான். இம்முறை அவனருகே மெலிந்த ஒரு மனிதர் இருந்தார். பெயர் நூருல். சொந்த நாட்டிலிருந்து தப்பிவந்த ரோஹிங்யாக்காரர். அவர் வந்த படகில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அவரையும் இதே கப்பல்தான் ஏற்றியது. ஐந்து வக்தும் இருவரும் தோளோடு தோள் நின்று தொழுதார்கள். ஹாதிக் போட்டிருந்த சட்டைகூட கப்பல்காரர் அவருக்குக் கொடுத்து, அவர் இவனுக்குக் கொடுத்தது.

"இவர்ர நாடு இவரத் தன்ட ஆளில்ல எண்டு செல்லுதாம்," ஹாதிக் குரலைத் தாழ்த்தினான். "அங்க ஜீ.எஸ். விசாரிக்க வந்தா இவரையும் எங்கட ஆள் எண்டு செல்லு, சுபைறா. என்ட காக்கா, கூடப் பொறந்த மூத்தவர் எண்டு செல்லு. நான் மிஸ்ஸிட்டயும் அப்பிடித்தான் செல்லியிரிக்கன்."

அடுத்த நாள் லுஹர், நண்பகல் தொழுகைக்கு முன், ஜீ.எஸ். என்கிற கிராம சேவகர் பர்ஸானின் மோட்டார் சைக்கிள் அவள் வாசலில் நின்றது. வெள்ளச் சேதம் பார்க்க மட்டுமே வருகிற மனிதர். இன்றைக்குக் கதிரை போட்டும் உட்காரவில்லை.

"கொழும்பில இருந்து கல்முனை அரசாங்கக் கந்தோருக்கு வந்து, அங்கால என்னட்ட வந்திரிக்கி," என்று சொல்லி ஒரு படத்தை நீட்டினார். "இது ஆரு, தங்கச்சி?"

சுபைறா படத்தை வாங்கிப் பார்த்தாள். கடலுக்கு அப்பால் ஒரு கப்பல் நிற்கிறது. ஒரு நாட்டின் அதிகாரிகள் ஏணியடியில் காவல் நிற்கிறார்கள். கொழும்பில் பெரிய பெரிய கட்டடங்கள். எல்லாம் இந்தத் தகரப் படலையடியில் வந்து, அவள் வாய் திறக்கும்வரை காத்து நிற்கின்றன.

"என்ட மாப்புள ஹாதிக். இந்த ஊரில பொறந்தவர். இந்த வளவிலதான் எங்கட நிக்காஹ் நடந்த."

"படத்தில கூட இரிக்கிறவர்? இவர்ர காக்காவாமே?"

ஓம் என்று ஒரு சொல். அது ஒரு மனிதருக்கு ஒரு நாட்டையே கொடுத்துவிடும் போலிருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய்யையும் மெய்யையும் ஒரே வாயால் சொன்னால், சொன்ன மெய்யும் பெறுமதியற்றுப் போகாதா?

"இல்ல சேர். சொந்தமில்ல. ஆனா அவர அங்க தனிய உட்டுட்டு வரப்படாது."

"அத நான் எழுதேலா, தங்கச்சி."

"எழுதாட்டியும் மேலிடத்துக்குச் செல்லுங்க."

அவர் போனதும் தர்சிகாவை அவளே அழைத்தாள். "அந்த மனிசனுக்கு, இவர் எங்கட ஆள் எண்டு ஆரு மிஸ் செல்லுற?"

"எங்களால சொல்லேலாது, அக்கா. ஆனா உயிருக்கு ஆபத்தான இடத்துக்கு அவரத் திருப்பி அனுப்பவும் கூடாது. நாடுகள் சேர்ந்து எழுதின சட்டம் அது. யூ.என். அகதிகள் பகுதிக்கு நான் இண்டைக்கே அறிவிக்கிறன்."

கடதாசி வந்த அன்று தர்சிகா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். ஒற்றைத் தாள். அதன் தலையில் அரசாங்க முத்திரை, வாளேந்திய சிங்கம். பொலிஸ் நிலையப் பலகையிலும் நீதிமன்றக் கடிதத்திலும் அந்தச் சிங்கத்தைக் கண்டு ஒதுங்கியே நடந்தவள் சுபைறா. இன்று அது அவளுடைய மனிதனுக்கு முன்னால் நடந்தது. ஹாதிக் தாளை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்து இறங்கினான். நேற்றுவரை மறித்த அதே அதிகாரிகள் அதைப் பார்த்தார்கள், விலகி நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் கெஞ்சவில்லை. "யா அல்லாஹ்," என்றாள் சுபைறா.

ஏணியின் உச்சியில் நூருல் நின்று கையசைத்தார்.

ஹாதிக் வீடு வந்தான். ஊரே கூடிக் கட்டிப்பிடித்தது. சுபைறா உண்மையைச் சொல்லிவிட்டாள் என்று அவனுக்கு உள்ளுக்குள் கோபம். நூருலையும் இறக்கிவிட்டார்கள், அகதியாகப் பதிந்துகொண்டார்கள் என்று தர்சிகா அறிவித்த பிறகுதான் அவளோடு முகம்கொடுத்துக் கதைத்தான்.

அடுத்த வருடம் நூருல் ஒரு படம் அனுப்பினார். அவரை இறங்கவிட்ட அந்த நாடு அவருக்குக் கொடுத்த பயணப் புத்தகம். அவருடைய முகம், அவருடைய பெயர். எந்த நாட்டவர் என்ற இடத்தில் மட்டும் எந்த நாட்டின் பெயரும் இல்லை. மூன்று எழுத்துகள் இருந்தன. இருவருக்கும் விளங்காமல் தர்சிகாவிடம் கேட்டார்கள்.

"அது அகதி எண்டதுக்கான குறி, அக்கா. எந்த விமான நிலையத்தில காட்டினாலும் விளங்கும்."

சுபைறா படத்தைப் பெரிதாக்கி அந்த மூன்று எழுத்துகளையே வெகுநேரம் பார்த்திருந்தாள். நாடே இல்லாத மனிதருக்கு, நாடுகளெல்லாம் கூடி ஓர் இடம் விட்டு வைத்திருக்கின்றன.

"அத வெச்சு இஞ்ச வரேலுமா?" என்று கேட்டாள்.

"எங்கட ஆக்கள் விசா குடுத்தா வரலாம்."

"அப்ப அவர வரச் செல்லுங்க," என்றாள் சுபைறா, ஹாதிக்கைப் பார்த்து. "பெருநாளைக்கு."