உள்ளூர் முகவரி

காலை பதினோரு மணி, விருந்தினர் அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம். அன்று அந்த நேரத்தில்தான் காவேரி வந்தாள். ஜோதிமணி மாடியிலிருந்து அழுக்கு விரிப்புகளை மூட்டையாகக் கொண்டுவந்து வழக்கம்போல் அவள் காலடியில் போட்டாள். காவேரி குனியவில்லை.

"இன்னைக்குத் துவைக்க வரலீங்கக்கா. ரூமு வேணுமுங்க. நாளைக்குக் காலைல வரைக்கும்."

"யாருக்கு?"

"எனக்கும் அவருக்கும்."

அவள் தீபாவளிப் புடவையில் இருப்பதை ஜோதிமணி அப்போதுதான் கவனித்தாள். கேட்டுக்கு வெளியே அவள் கணவன் பழனிமுத்து நின்றிருந்தான். சென்ட்ரிங் வேலைக்காரன். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. இந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தபடி இருந்தான்.

ஜோதிமணிக்குச் சிரிப்பு வந்தது. காவேரியின் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"வூட்ல என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"மாதேஸ்வரன் மலைக்குன்னு."

"சாமி பேருலயே பொய்யா?"

"அமாவாசைக்குப் போயி சாமிகிட்டச் சமாதானம் சொல்லிக்கறனுங்க. அத்தைகிட்டத்தான் சொல்ல முடியாது."

காவேரியின் வீட்டை ஜோதிமணி அறிவாள். ஒரு கூடம், ஒரு அடுப்படி. மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி, அண்ணன் தம்பி இருவரின் பிள்ளைகள். கூடத்தின் நடுவே பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கும்.

மைசூரில் ஜோதிமணியின் வீட்டு மாடியில் மூன்று அறைகள். அவள் கணவன் விஜய்குமார் ஆலை வேலையிலிருந்து நின்ற பிறகு குடும்பம் அவற்றை நம்பித்தான் ஓடியது. ஹோம்ஸ்டே என்றால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது விதி, கீழே குடியிருந்தார்கள். வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏற்றினாள். அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கக் காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கு விசாரிக்க அன்று மாலை ஏட்டு மல்லப்பன் வருவதாக இருந்தது.

மல்லப்பன் கெடுபிடிக்காரர் அல்ல. போன முறை வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மைசூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை கொடுக்கக் கூடாது. "ஊருக்குள்ளயே வீடு இருக்கறவங்களுக்கு ரூம் எதுக்கும்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதன் பிறகு ஒரு கல்லூரி ஜோடியைத் திருப்பி அனுப்பினாள். வீட்டில் சண்டை, ஒரு நாள் தூங்கினால் போதும் என்று தனியாக வந்த ஒருவரையும் அனுப்பினாள்.

"உள்ளூர் ஆதாருக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல சொல்லிருக்காங்க காவேரி. இன்னைக்குன்னு பாத்து அவரே வர்றாரு."

பழனிமுத்து திரும்பினான். "நாந்தான் சொன்னன்ல, குடுக்க மாட்டாங்கன்னு. வா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போலாம்."

"அங்க போயி? போற பஸ்ஸ எண்ணிக்கிட்டு உக்காரவா?"

ஜோதிமணிக்கு ஒரு வழி தோன்றியது.

"ஒண்ணு பண்ணலாம். சொந்தக்காரங்க வந்தா ரெஜிஸ்டர்ல ஏத்த வேண்டியதில்ல. என் தங்கச்சின்னு இருந்துக்க. காசும் வேண்டாம்."

காவேரி யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"வேண்டாங்கக்கா."

"ஏன்?"

"தங்கச்சின்னா வெடிஞ்சதும் உங்ககூட அடுப்படிலதான நிக்கோணும். நீங்க வேண்டாம்னாலும் என்னால இருக்க முடியாதுங்க. போறப்ப பெட்ஷீட்டையும் நானே உருவி எடுத்துட்டுப் போவேன்." முந்தானையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து நீட்டினாள். "மத்தவங்களுக்கு எழுதற மாதிரி எழுதுங்க. காலைல நீங்க காபி கொண்டாந்து கதவத் தட்டோணும்."

"ரொம்பத்தான்!" என்றான் பழனிமுத்து. ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டான்.

ஜோதிமணி உள்ளே போய்ச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். அடையாள அட்டை வாங்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, எந்த ஊர் முகவரி என்று எழுதவில்லை என்றார். எதற்கும் ஸ்டேஷன்காரர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வரவேற்பு மேசைக்கு மேல் விதிகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். மாட்டிய பிறகு படித்ததில்லை. இப்போது நின்று படித்தாள். போனில் அவர் சொன்னது சரிதான்.

சான்று கிடைக்காவிட்டால் மூன்று அறைகளையும் பூட்ட வேண்டும். விஜய்குமாருக்கு இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? இல்லை என்று சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது. நாளைக்குக் காவேரி வருவாள், மூட்டையை எடுத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதற்குப் பிறகு அந்த விரிப்புகளை மெத்தையில் விரிக்க வேண்டியது ஜோதிமணிதான்.

பதிவேட்டைத் திறந்தாள்.

இரண்டு அட்டைகளிலும் ஒரே முகவரி. எழுதினாள். பழனிமுத்து பேனாவை அழுத்திக் கையெழுத்திட்டான். காவேரி கையைப் புடவையில் துடைத்துவிட்டுத் தன் பெயரை முழுதாக எழுதினாள். கடைசிக் கட்டம், 'வந்த நோக்கம்'. மேல் வரிகளில் அரண்மனை, மிருகக்காட்சிசாலை, அரண்மனை என்று இருந்தது.

"இதுல என்ன போடட்டும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனிமுத்து கூரையைப் பார்த்தான்.

"சும்மா இருக்க," என்றாள் காவேரி.

ஜோதிமணி அதைக் கன்னடத்தில் எழுதி, சாவியைக் கொடுத்தாள். வழி காட்டப் போனவள் பாதியில் நின்றாள். காவேரிக்குத் தெரியாத அறையா? ஆனால் காவேரி படியருகே காத்து நின்றாள். ஜோதிமணி முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

மாலையில் மல்லப்பன் வந்தார். தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகாலில் வெகு காலம் வேலை பார்த்தவர், தமிழ் பேசுவார். தீயணைப்பானைப் பார்த்தார். கட்டணப் பலகையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டில் விரலை மேலிருந்து கீழே இறக்கினார். விரல் நின்றது.

"லோக்கல்."

"ஆமாங்க சார்."

"நான் சொல்லிருந்தேன் இல்லியா?"

"சொன்னீங்க சார். ரூல்ஸ்ல எழுதலைங்க. ஆபீஸ்லயும் கேட்டுட்டேன்." பதிவேட்டில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "புருசன் பொண்டாட்டிங்க சார். அட்டையிலயே இருக்கு."

அவர் கடைசிக் கட்டத்தை வாய்க்குள் படித்தார். மறுபடியும் படித்தார்.

மாடியில் காவேரி சிரிப்பது கேட்டது. ஆண் குரல் ஏதோ சொன்னது. மறுபடி சிரிப்பு. இந்த வீட்டுக் கல்லில் இத்தனை நாள் துணி அடித்தவள், இவ்வளவு சத்தமாகச் சிரித்து ஜோதிமணி கேட்டதில்லை.

மல்லப்பனும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். விசாரணைத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் மூடினார்.

"குவார்ட்டர்ஸ்ல மகன், மருமக, பேத்திங்க, எல்லாம் எங்ககூடத்தான்," என்றார்.

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. கோபமும் இல்லை.

"நானும் லோக்கல்தாம்மா. என் வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வந்து நின்னா, எனக்கும் இப்படி எழுதிக் குடுப்பீங்களா?"