மூக்கம்மா குடித்த மூன்றாவது கோப்பை

காபிக்கொட்டை வாங்கி விற்கும் கம்பெனியில் ருசி பார்ப்பது அவள் வேலை. கரண்டியில் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சித் துப்பிவிட்டு, இது நனைந்த சாக்கில் கிடந்தது, இது சரியாகக் காயவில்லை என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருடமாக அவள் வாக்குப் பிசகியதில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவள் மூக்கம்மா.

ஒரு காய்ச்சல் வந்து நாலு நாளில் போனது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"பால் தீஞ்சு வீடே நாறுது, பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன யோசனை?" என்று கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தபோதுதான் அவளுக்கே முழுசாக விளங்கியது.

"முதலாளிகிட்ட சொல்லிடேன்," என்றார்.

"என்னன்னு? மூக்கம்மாவுக்கு மூக்கு வேலை செய்யலைன்னா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவள் அழுதாள்.

ஆனால் சொல்லவில்லை. கூட ருசி பார்க்கும் தோழியின் மார்க் தாளை ஓரக்கண்ணால் பார்த்து, அரை மார்க் கூட்டியோ குறைத்தோ போட்டு இரண்டு மாதம் ஓட்டினாள். நாக்கில் கசப்பும் சூடும் மட்டும்தான் மிச்சம். மூக்கு ஓய்ந்துபோனதால் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. வாங்க வருகிறவர்கள் குடிப்பதை முன்பு அவள் கவனித்ததே இல்லை. இத்தாலிக்காரர் நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். நின்றபடி இரண்டே மடக்கு, கிளம்பிவிடுவார். துருக்கிக்காரர் தூள் அடியில் படியும் வரை கோப்பையைத் தொடாமல் ஊர்க்கதை பேசுவார். வியட்நாமிலிருந்து வந்த பெண் டின் பாலின் மேல் சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவசரமே இல்லாமல். இவர்களெல்லாம் குடிப்பது வாசனையை மட்டும்தானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டாவது மாதக் கடைசியில் எத்தியோப்பியாவிலிருந்து ஒரு விவசாயி அம்மாள் தன் கொட்டையோடு வந்தார். முன்பு இங்கே சில வருடம் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். வந்த அன்றே அவருடைய கொட்டைக்கு மார்க் போட்டார்கள். மறுநாள், "எங்க ஊர் முறையில நானே போட்டுத் தர்றேன்," என்று பச்சைக் கொட்டையை வாணலியில் வறுத்து, புகையோடு ஒவ்வொருவர் முகத்துக்கும் காட்டினார். எல்லோரும் ஆகா என்றார்கள். அவளும் சொல்லிவைத்தாள்.

முதல் சுற்று முடிந்ததும் முதலாளி போன் வந்து எழுந்தார். இரண்டாவது முடிந்ததும் தோழி போனாள். மூக்கம்மாவும் எழப் பார்த்தாள்.

"உக்காருங்க. அதே தூள்ல மூணு தடவை கொதிக்க வெப்போம். மூணாவதுலதான் ஆசீர்வாதம்," என்று அம்மாள் ஊற்றினார். "தண்ணியாத்தான் இருக்கும். ருசி பார்க்கிற உங்களுக்குப் பிடிக்காது."

"எனக்கு மூணும் ஒண்ணுதாம்மா." வாய் தவறி வந்துவிட்டது.

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவளால் மறைக்க முடியவில்லை. காய்ச்சலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ என் கொட்டைக்கு நேத்து நீங்க போட்ட மார்க்?"

"தோழி போட்டது. நான் அரை மார்க் கூட்டினேன்."

அம்மாள் கோபப்படவில்லை. "வருஷம் பூரா பாடுபட்டுக் காயவெச்சதும்மா. நீங்களும் ருசி பார்த்திருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றார். பிறகு கோப்பையை அவள் பக்கம் தள்ளி, "ஆறிப்போகுது, குடிச்சு முடிங்க. அப்புறம் போய்ச் சொல்லிடுங்க," என்றார்.

அவள் மெதுவாகக் குடித்தாள். அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவில்லை. இரண்டு மாதத்தில் அவள் நிஜமாகக் குடித்த காபி அதுதான்.

முதலாளி நன்றாகத் திட்டினார். இரண்டு மாத மாதிரிகளையும் தோழியும் அவருமாகத் திரும்பச் சோதித்தார்கள். ஒரே ஒரு சரக்கில், முதலில் தோழிக்கும் தப்பிப்போன பூஞ்சை. அதை வாங்கியவருக்கு அவளே கடிதம் எழுதினாள். அவருக்கு வேறு சரக்கு போனது. இனி ருசி மேசைப் பக்கம் வரக்கூடாது என்றாகிவிட்டது.

வறுக்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். அங்கே கொட்டை வெடிக்கும் சத்தமும் நிறமும்தான் கணக்கு. முதல் வாரம் இரண்டு தடவை கருக்கிவிட்டாள். மூன்றாவது வாரம், சத்தம் தொடங்கும்போதே, "இன்னும் கொஞ்சம்... இப்ப இறக்குங்க," என்றாள். வறுப்பவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த நாள் இயந்திரத்தை அவளிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.