மோட்டாருக்குள் மாப்பிள்ளை

எங்கள் சிமெண்ட் மில்லுக்குப் பல்சக்கரம் கிடையாது. பீப்பாய் மாதிரி உருளும் மில்லின் வயிற்றைச் சுற்றி வீட்டு உயரத்துக்கு ஒரு வளையம் நிற்கிறது, அதுதான் மோட்டார். இரண்டுக்கும் நடுவே விரல் அகல இடுக்கு. அது எங்கும் ஒரே அளவா என்று ஃபைபர் அளவுப் பட்டையைச் செருகிப் பார்க்க, மோட்டாரின் மூடிக்குள் ஆள் நுழைய வேண்டும்.

நுழைகிறவர் சுவிட்ச் பலகையில் தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போவார், வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார்; பூட்டு இருக்கும்வரை மில் ஓடாது. பக்கத்து மில் போடும் கூச்சலில் மில்லை ஓட்டுமுன் அடிக்கும் ஹாரன் உள்ளே கேட்காது. அதனால் பூட்டெல்லாம் எடுத்த பிறகும், ஸ்டார்ட் கொடுப்பவர் ஒவ்வொருவரையும் வாக்கி-டாக்கியில் தன் வாயால் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும். அதுதான் இங்கே வழக்கம்.

எங்கள் ஆபரேட்டரும் எலக்ட்ரீஷியனும் கீரியும் பாம்பும். எலக்ட்ரீஷியன் ஆபரேட்டரின் தங்கையைக் கட்டியவர். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது ஆபரேட்டர், "மாப்பிள்ளைக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர் பக்கத்தில் உட்காரும் எனக்குத்தான் தலையெழுத்து, நடுவில் தபால்காரன் வேலை. "அவர்கிட்டச் சொல்லு", "அவரைக் கேட்டுச் சொல்லு." ச்சே!

அன்று மதியம் மோட்டாருக்குள் போய் வந்த மற்றவர்களை எல்லாம் ஆபரேட்டர் கூப்பிட்டு முடித்தார். மாப்பிள்ளை பாக்கி.

"நீ மில்லடியில நிக்கிற ஃபிட்டருக்குப் போன் போட்டுக் கேளு" என்றார் என்னிடம்.

கேட்டேன். "அவர் பூட்டை எடுத்துட்டாருங்க. கிளம்பியிருப்பாரு" என்றார் ஃபிட்டர்.

ஸ்டார்ட் கொடுக்க ஆபரேட்டரின் கை கம்ப்யூட்டர் மவுஸுக்குப் போனது. நான் வாக்கி-டாக்கியை அவர் முன்னால் வைத்தேன். பாதுகாப்பில் அக்கறை என்று நினைக்க வேண்டாம், வெறும் எரிச்சல்தான்.

"உங்க வீட்டுச் சண்டைக்கு நான் ஆள் இல்லைங்க. நீங்களே கூப்பிடுங்க."

முறைத்தார். பிறகு பொத்தானை அழுத்தி, விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி, "மாப்பிள்ளை" என்றார்.

பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"மாப்பிள்ளை, வெளிய வந்தாச்சா?"

கரகரவென்று சத்தம். "உள்ளதான் இருக்கேன் மச்சான். பட்டையை மறந்துட்டேன், எடுக்கத் திரும்ப வந்தேன். இருங்க."

ஆபரேட்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  பூட்டு இல்லாமல் திரும்ப நுழைந்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வார் எலக்ட்ரீஷியன், அது வேறு கதை.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கக் குரல் வந்தது. "வந்துட்டேன். பூட்டும் என் கையிலதான் இருக்கு. ஓட்டுங்க மச்சான்."

ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார். உடனே விட்டார். வாக்கி-டாக்கியை என் பக்கம் தள்ளி, "நீ சொல்லு" என்றார்.

"என்னன்னு சொல்ல?"

அவரே திரும்ப இழுத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, வீட்ல ஒரு பல்பு போயிருக்கு. சாயங்காலம் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போ."