ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

1

மின்சாரம் திரும்பி வந்தபோது மணி பதினொன்றேகால். நவாஸ் கடையின் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கணினித் திரையில் "தள்ளுபடி" என்ற சொல் மறுபடி தெரிந்தது. இந்தக் கதை அந்தச் சொல்லிலிருந்து வந்தது. நான் கதை தேடிப் போகவில்லை. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.

"சார், நீங்க கதை எய்தறவருதானே?" என்றார் நவாஸ். "ஒரே ஒரு வரி எய்தணும். காலையிலேர்ந்து பேஜார் பண்ணிக்கினு கீது இது."

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஜெயம்மா என்று நவாஸ் சொன்னார்.

ஒரு வரிதானே என்று நானும் உட்கார்ந்தேன்.

2

கல்வெட்டில் தொடங்கிப் பார்த்தேன். [உத்திரமேரூரைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. சபைக்கு வர என்ன தகுதி வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வீடு உள்ளவனுக்கு அன்று தகுதி, வீடு இல்லாதவளுக்கு இன்று] — அடித்துவிட்டேன். ஜெயம்மா சுவரைப் பார்க்க வரவில்லை.

அடுத்து: "மானாம்பதிக்குப் போகும் சாலையில், வயல்கள் முடியும் இடத்தில்," — வேண்டாம். வயல் வந்தால் நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள்.

ஆகவே செய்தியை மட்டும் சொல்கிறேன். ஓர் அறக்கட்டளை குடிசையில் இருப்பவர்களுக்குக் கல்வீடு கட்டித் தருகிறது, பெண்கள் பெயரில் மட்டும். யாருக்குத் தருவது என்பதை ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. அது விதிகளைப் படிக்கும், விண்ணப்பிப்பவர் சொன்னதைப் படிக்கும், இரண்டையும் பொருத்தி ஒரு முடிவுக்கு வரும். அது படிப்பதற்கென்றே ஒரு தமிழைச் செய்திருக்கிறார்கள். அதன் பெயர் வரைமொழி.

வரைமொழியின் இலக்கணம் ஒரு பக்கம்தான். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். "அவன்," "அது," "அங்கே" எல்லாம் கூடாது. பெயரைச் சொல்ல வேண்டும். மரியாதைப் பன்மை கிடையாது. "வந்தார்" என்றால் ஒருவரா பலரா என்று நிரல் குழம்பும். அதனால் ஆண் எல்லாம் "ஆன்," பெண் எல்லாம் "ஆள்."

[இலக்கியம் படித்தவன் நான். ஒரு சொல்கூட மிகாமல் எழுதுகிறவன் என்று பெயர். இந்த இலக்கணத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். கதையையே அதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஜெயம்மா ஒரு பெண். ஜெயம்மா குடிசையில் இருக்கிறாள். குடிசையின் கூரை தார்ப்பாய். தார்ப்பாய் கிழிந்திருக்கிறது. மழை வரும். கடைசி வாக்கியத்தில் நிரல் நின்றது. "எந்தத் தேதியில்?" என்று கேட்டது.]

3

ஜெயம்மா நாற்று நடுவார், களை எடுப்பார், கிடைத்த கூலி வேலைக்குப் போவார். விண்ணப்பிக்க வந்த அன்று நவாஸ் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டிருக்கிறார், ஜெயம்மா சொன்னதை வரைமொழியில் தட்டியிருக்கிறார். கணவன் பெயர் என்ன என்ற கேள்வி வந்தது.

"என் வூட்டுக்காரரு பேரா? அத்த நான் எப்பிடி சொல்றது? திருப்பதியில கீறாரே, அவருதான்."

நவாஸ் தட்டியது: ஜெயம்மாவின் வீட்டுக்காரன் திருப்பதியில் இருக்கிறான்.

"அன்னிக்கி செம கூட்டம் சார்," என்றார் நவாஸ். "அங்க ஓட்டல்ல கீட்டல்ல வேல செய்றாரு போலன்னு நெனச்சிட்டேன்."

நிரல் தான் வந்த வழியை மறைப்பதில்லை. திரையில் இருந்தது இது:

ஜெயம்மாவுக்கு வீட்டுக்காரன் இருக்கிறான்.
வீட்டுக்காரன் என்பவன் வீட்டின் உரிமையாளன்.
ஆகவே ஜெயம்மா வாடகைக்கு இருக்கிறாள்.
வாடகைக்கு இருக்கும் இடத்தில் கட்ட உரிமையாளனின் சம்மதம் வேண்டும்.
உரிமையாளன் திருப்பதியில் இருக்கிறான்.
உரிமையாளனின் சம்மதம் வரவில்லை.
ஆகவே தள்ளுபடி.

பிழையைத் தேடிப் படித்தேன். மறுபடியும் படித்தேன். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி ஒழுங்காகப் பிறக்கிறது. என் கதைகளில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. அதுதான் எரிச்சல்.

ஜெயம்மாவுக்கு விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்தப் பெருமாளாண்ட போயி கையெய்த்து வாங்கியாரணுமா?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"போய்ட்டு வாக்கா," என்றார் நவாஸ். "லட்டாச்சும் கெடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசி பிறக்க இருந்தது.

4

திருத்துவதற்கு ஒரு வாக்கியம் போதும். திருப்பதிப் பெருமாளின் பெயர்தான் ஜெயம்மாவின் கணவருக்கும்: வெங்கடேசன். மனைப் பட்டா அந்தப் பெயரில் இருக்கிறது. நிரலுக்கு வெங்கடேசனைத் தெரியும், ஜெயம்மாவையும் தெரியும். இருவரும் யாருக்கு யார் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. [ஆதார் அட்டையில் இருக்குமே என்பீர்கள். நானும் சொன்னேன். அட்டை பார்ப்பது அதன் வேலை இல்லை.]

எழுதிக் கொடுத்தேன்: வெங்கடேசன் ஜெயம்மாவின் கணவன்.

வாக்கியம் சரி என்று நிரல் உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் மேல்முறையீட்டில் வாக்கியத்தை விண்ணப்பித்த பெண்ணே தன் குரலில் சொல்ல வேண்டும். தரகர் யாரும் இடையில் புகுந்துவிடக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த விதி. மேல்முறையீடு ஒரு தடவைதான். அன்று மாலையோடு அதுவும் முடிகிறது. விட்டால் வீடு இல்லை.

நவாஸ் மைக்கை நீட்டினார்.

"மாட்டேன்," என்றார் ஜெயம்மா.

5

இந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்லாத பெண்ணா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எனக்கும் நம்பிக்கை இல்லை. ஒரு வரைவில் அவரைச் சொல்ல வைத்தேன்: "ஜெயம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில்," — அந்த மூச்சு என்னுடையது. இன்னொரு வரைவில் வெட்கப்பட வைத்தேன். அது பொய். அவர் கோபமாக இருந்தார்.

"பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்னு பயமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எங்கம்மாவோட போச்சு சார்." மைக்கைத் தள்ளி வைத்தார். "ஊர்ல அத்தினி பேரும் அவர பேரச் சொல்லித்தான் கூப்புடுறான். டேய் போட்டு. நேத்து மீச மொளைச்சவன்கூட. சொல்லாதவ நான் ஒருத்திதான் கீறேன்."

"ஒரு தபா சொல்லிட்டு வுட்டுடுக்கா," என்றார் நவாஸ்.

"நீ உங்க அத்தாவ பேரச் சொல்லிக் கூப்புடுவியா?"

"அது வேறக்கா."

"இன்னா வேற?"

நவாஸ் விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் "கணவன்" என்பதை "கணவர்" என்று மாற்றினேன். பாதி மரியாதையாவது மிஞ்சட்டும். நிரல் கேட்டது: "எத்தனை பேர்?"

[இந்தக் கதையில் எல்லோருக்கும் "ஆர்" போட்டிருக்கிறேன். யாரும் என்னை எத்தனை பேர் என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.]

6

இங்கே கதை நிற்கிறது. மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. ஜெயம்மா சொல்லிவிடுகிறார். கல்வீடு வருகிறது. எல்லோருக்கும் நல்லது. நான்கு வரியில் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். அதில் யாரும் இல்லை.

ஆ. ஜெயம்மா சொல்லவில்லை. கிழிந்த தார்ப்பாயில் மழை. நீங்கள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரை மெச்சுவீர்கள். நனைவது அவர்.

இ. நவாஸ் சொன்ன யோசனை. அவர் அக்கா சாய்ரா உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வந்து ஒரு வரி பேசிவிட்டால் மிஷினுக்கு என்ன தெரியப்போகிறது?

"ஏன் நவாசு," என்றார் ஜெயம்மா, "அவருக்குப் பொண்டாட்டி நானா, உங்க அக்காவா?"

வரைமொழியிலும் அதற்கு ஒரு விடைதான். இ-யை நான் முழுதாக —

7

நவாஸ் போன் செய்திருந்ததால் வெங்கடேசன் வந்தார். நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், தோளெல்லாம் தூசி. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னாடா வெங்கடேசா, இங்க இன்னா பண்ற?" என்றது பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலுக்கு இருபது வயது இருக்கும்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் வெங்கடேசன்.

நவாஸ் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னார். திருப்பதியும் வாடகையும் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. வீடு என்பது புரிந்தது.

"சொல்லிடு ஜெயா," என்றார். "மய வருதுல்ல. ஊரே கூப்புடுது, நீ ஒரு தபா கூப்புட்டா நான் இன்னா கொறைஞ்சா பூடுவேன்?"

"நீ சும்மா கெட."

[ஜெயம்மா அவரை "நீ" என்கிறார். "நீ"யில் குறைவில்லை, பெயரில்தான் குறைவு என்று வரைமொழிக்கு எந்த விதியில் எழுதுவது? முயன்றேன். ஒரு பக்கம் ஆனது. விட்டுவிட்டேன்.]

"கட மூடிடுவேன்க்கா," என்றார் நவாஸ். கடையை அவர் எட்டு மணிக்கு முன் மூடியதில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினார். திரையில் சிவப்பு வட்டம் வந்தது.

முடிவை உங்களிடம் கொடுக்கிறேன் என்று எழுதத்தான் இந்தப் பகுதியைத் தொடங்கினேன். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜெயம்மா மைக்கைக் கையில் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்.

"சொல்லிட்டேன்னு வையி," என்றார். "அப்பறம் பேரச் சொல்லாம கூப்புட உனக்கு யாருய்யா கீறாங்க?"